விரிசலுக்கு ஒட்டிய கண்ணாடி

அந்த அக்டோபரில் முதலில் கோளாறு செய்தது சமையலறைக் கதவு. மூட மறுத்தது. தித்தீனா தோளால் ஒரு இடி கொடுத்து மூடுவாள். மறுபடி திறக்க வேண்டுமென்றால் மகள் ப்ரிஜிதா அந்தப் பக்கமிருந்து தள்ள வேண்டும்.

“மழைக்கு மரம் ஊதிப்போச்சு,” என்றாள் தித்தீனா.

“போன வருஷமும்தான் மழை பேஞ்சுது.”

“அது வேற மழை. உனக்கு வாய் ஊதிப்போயிருக்கே, அது எந்த மழையிலன்னு முதல்ல பாரு.”

மழை பெய்தது உண்மைதான். தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று நேப்பிள்ஸ் மேல் வாரக்கணக்காகப் படுத்துக்கிடந்தது. கொடியில் போட்ட துணி காயவில்லை. உப்பு கட்டியாகிவிட்டது. காலணித் தோலுக்குத் தடவும் பசை உலர்வேனா என்றது. தாயும் மகளும் சமையலறை மேசையிலேயே காலணியின் மேல்தோலை ஒட்டித் தைத்துக்கொடுப்பவர்கள். திங்கட்கிழமை ஒரு ஆள் வெட்டிய தோலைச் சாக்கில் போட்டுவிட்டுப் போவான். சனிக்கிழமை வந்து தைத்ததை அள்ளிக்கொண்டு போவான். வீடு முழுக்கப் பசை நாற்றம். ரொட்டியிலும் அதே வாசனைதான்.

நான் அவர்களுடைய பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ரயிலடிப் பக்கம் ஒரு பொத்தான் மொத்தக்கடையில் வேலை. மாலையில் கணக்குப் படிக்கப் பள்ளி. மதியம் கடை அடைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து அவர்களோடு சாப்பிடுவேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத முயல்கிறேன். எல்லாம் சரியாகக் காதில் விழுந்ததா என்பது நிச்சயமில்லை. நான் மலைப்பக்கத்து ஊர்க்காரி. நேப்பிள்ஸ்காரர்கள் மூன்று பேர் கூடினால் நான்கு பேர் பேசுவார்கள்.

எங்கள் சந்தில் மெட்ரோ என்றால் அது வண்டியின் பெயரல்ல, வேலையின் பெயர். தித்தீனாவின் கணவர் அனியெல்லோ அதில்தான் இருந்தார். குன்றின் மேலே முதல் குழி தோண்டியது நான் பிறந்த வருடமாம். கொஞ்ச காலத்தில் நிலநடுக்கம் வந்து வேலை நின்றது. பிறகு பணம் இல்லை என்று நின்றது. பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று நின்றது. ஒருவழியாக மேலே குன்றில் வண்டி ஓடத் தொடங்கியது. அங்கே குடியிருக்கும் வக்கீல்களும் டாக்டர்களும் ஏறிப்போனார்கள். கீழே கடலை நோக்கி வரவேண்டிய பாதை மட்டும் ஒவ்வொரு குழியாக, ஒவ்வொரு அரசாங்கமாக, எங்கள் வீடுகளுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. சந்து முனையில் திறப்பு விழாவின் வருடத்தை எழுதிய பலகை ஒன்று உண்டு. வருடத்தின் மேல் புது வருடத்தை எழுதிய தாளை ஒட்டி ஒட்டி, அந்த இடம் மட்டும் தலையணை போலப் புடைத்திருக்கும்.

“இந்த வண்டி கடல்கிட்ட போய்ச் சேர்றப்போ நான் கிழவங்களுக்கு ஒதுக்கின சீட்டுல உக்காந்து போவேன்,” என்பார் அனியெல்லோ.

மேல்வீட்டு எர்மெலிந்தா படியிலிருந்தே பதில் கொடுப்பாள்: “உக்காந்தா? உன்னைப் பெட்டியில படுக்கவச்சுல்ல கொண்டுபோவாங்க!”

அவர் சிரிப்பார். நெற்றியிலும் காது மடலிலும் சாம்பல் நிற மண் எப்போதும் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கண்ணாடி ஒட்டியது அந்த மாதத்தில்தான். சுரங்கம் எங்கள் சந்தை நெருங்குகிறது என்று மெட்ரோ வேலையிலிருந்து தெ ஃபெயோ என்று ஒருவர் வந்தார். வெறும் அளவைக்காரர். ஆனால் எங்கள் சந்தில் கழுத்துப்பட்டி கட்டியவர் எல்லாரும் இஞ்சினியர்தான். மாடிப்படியிலும் ஒவ்வொரு வீட்டிலும் பழைய விரிசல்களைத் தேடிப் பிடித்தார். விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு அப்பு ஜிப்சம் வைத்து, விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே பாலம் போல ஒட்டினார். ஜிப்சம் காய்வதற்குள் ஆணியால் அதில் தேதியைக் கீறினார்.

“சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும், அவ்வளவுதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து பார்ப்பேன்,” என்றார்.

“உடைஞ்சா என்ன பண்ணுவீங்க இஞ்சினியரே?” என்று தித்தீனா கேட்டாள்.

“எவ்வளவு உடைஞ்சுதுன்னு பார்ப்போம். தேவைப்பட்டா வேலையை நிறுத்தி மண்ணை இறுக்குவோம். ரொம்பத் தேவைப்பட்டா உங்களைக் கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல…”

“எடத்துலன்னா?”

“அது நகராட்சி பார்த்துக்கும்.”

அவர் படியிறங்கிப் போனார். பிறகு முதல் மாடியிலிருந்து தொன் சோஸ்ஸியோவின் குரல் வந்தது. ஆணுக்குத் தொன், பெண்ணுக்குத் தோன்னா என்பது நேப்பிள்ஸில் பெயரோடு சேர்க்கும் மரியாதை. டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து தனியாக இருந்தார்.

“வீட்டுக்குள்ளயே ஒரு ஒற்றனை ஒட்டிட்டுப் போயிட்டான்யா! நான் நிம்மதியா ஒரு தும்மல் போட முடியுமா இனிமே?”

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிக்குச் சந்தில் ஒற்றன் என்று பெயர்.

தித்தீனா சிரிக்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு அவளையும் இப்படித்தான் வீட்டைவிட்டு இறக்கினார்கள். கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார்கள். கடலோரத்தில் தகரக் கொட்டகைகள், வரிசை வரிசையாக. குளிர்காலத்தில் கூரையின் உள்பக்கம் வியர்த்து விடியும்வரை சொட்டும். ப்ரிஜிதா நடக்கப் பழகியதும் எழுதப் பழகியதும் அந்தத் தகரத்துக்குள்ளேதான். திரும்பி வந்து பார்த்தபோது பழைய வீட்டில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்த வீடு அதற்குப் பிறகு தேடிப் பிடித்தது.

“கதவைத் திறந்தேன். என் அடுப்புல எவளோ கத்திரிக்காய் வதக்கிட்டு இருக்கா,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். “யாரு வேணும்னு என்னையே கேக்கறா. என்ன சொல்றது பொண்ணே? நான்தான் வேணும்னா சொல்றது?”

முதல் கண்ணாடி உடைந்தபோது நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்துவிட்டுத் தோலை விரித்த நேரம். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நகத்தால் கோப்பையைத் தட்டியது போல. மூவரும் நிமிர்ந்தோம். அடுப்புக்கு மேலிருந்த கண்ணாடியின் நடுவில், பென்சிலால் இழுத்தது போல ஒரே ஒரு கோடு.

“உடைஞ்சிடுச்சும்மா.”

“எனக்குக் கண்ணு இருக்கு.”

தித்தீனா எழுந்தாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றி, அதன் கண்ணாடியைத் துணியில் சுற்றி எங்கேயோ எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது கையில் விரல் அகலத் துண்டு இருந்தது. பழைய ஜிப்சத்தைப் பேனாக்கத்தியால் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகக் குழைத்து அப்பினாள். அவளுக்கு ஒட்டுவது கைவந்த வேலை. தேதியைக்கூட தெ ஃபெயோவின் கையெழுத்திலேயே சாய்த்துக் கீறினாள்.

“அப்பாகிட்ட சொல்லணும்,” என்றாள் ப்ரிஜிதா.

“ஏன்? அவருக்குக் கீழ இருக்கிற பாரம் பத்தாதா?”

வியாழக்கிழமை தெ ஃபெயோ வந்தார், பார்த்தார், “ரொம்ப நல்லது,” என்றார். அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. விரிசலையும் மாவு போல ஜிப்சம் பூசி மூடினாள். கதவின் மேல்விளிம்பை அனியெல்லோ இல்லாத நேரத்தில் சீவினாள். கோலிக்குண்டு ஒன்று தரையில் விழுந்தால் எப்போதும் அடுப்புப் பக்கமே உருண்டது. சில நாள் தரைக்கடியில் ஒரு முனகல் கேட்கும். நாங்கள் பேச்சை நிறுத்துவோம். அது நின்றதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

நவம்பர் கடைசியில் கண்ணாடி வாங்கப் போனாள். கண்ணாடிக்காரர் இஜீனோவின் கடை நான் வேலைக்குப் போகும் வழியில் இருந்ததால் சேர்ந்தே போனோம்.

“விரல் அகலத்துல நாலு துண்டு வெட்டிக் கொடுங்க தொன் இஜீனோ. சாமி படத்துக்கு.”

இஜீனோ பல்லால் பென்சிலைக் கடித்தபடி அவளைப் பார்த்தார். “எந்தச் சாமி? அவ்வளவு ஒல்லியா ஒரு சாமியா?”

“உங்களுக்கு எதுக்கு? வெட்டுங்க.”

“இல்ல, தெரிஞ்சுக்கிட்டா நானும் கும்பிடுவேன். உங்க சந்து முழுக்க அந்தச் சாமிதான் போல. எர்மெலிந்தா வந்து வாங்கிட்டுப் போறா. சோஸ்ஸியோ வர்றார், காப்பிக்கோப்பை மூடின்னு சொல்றார். விரல் அகலத்துல என்னய்யா மூடி? எதிர்ச் சாரியிலிருந்து ரெண்டு பேர். நான் வெட்டியே வச்சுட்டேன், இந்தா பாருங்க.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். எல்லாம் ஒரே அளவு, பல்குச்சி போல அடுக்கி.

தித்தீனா பெட்டியைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. கேட்டதை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மழை தூறியது. குடையை விரிக்க மறந்து கையில் பிடித்திருந்தாள்.

“என் சுவருக்கு மட்டும்தான்னு நினைச்சேன்,” என்றாள். கொஞ்ச தூரம் நடந்து மறுபடியும் அதையே சொன்னாள். “என் சுவருக்கு மட்டும்தான்னு.”

அந்த வாரம் அனியெல்லோவுக்குப் பிற்பகல் முறை. மறுநாள் உருளைக்கிழங்கு பாஸ்தா. அடியில் பாலாடைக்கட்டியின் தோலைப் போட்டு வேகவைத்தது. அவருக்கு அது உயிர். முதல் கரண்டி வாய்க்குப் போகும்போதே தித்தீனா சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. கண்ணாடி, ஜிப்சம், தேதி, இஜீனோவின் பெட்டி, எல்லாம்.

அனியெல்லோ கரண்டியை வைத்தார்.

“எத்தனை தடவை மாத்துன?”

“எண்ணல.”

“எண்ணாத அளவுக்கா?”

அவள் அவருடைய தட்டை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

“கீழ நாங்க எதைப் பார்த்துப் போறோம்னு தெரியுமா உனக்கு? அங்க கண்ணுக்கு என்ன தெரியும், மண்ணுதான். மேல வீட்டுல கண்ணாடி முழுசா இருக்கான்னு கேட்டுக்கிட்டுத்தான் போறோம். உடைஞ்சிருந்தா நிறுத்துவாங்க. மண்ணுக்குள்ள சிமெண்டுப் பால் ஏத்துவாங்க, இறுகும், அப்புறம் வெட்டுவோம். உடையலையா, போ போன்னு விரட்டுவாங்க. நான் வேற பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கேன், என் வீட்டுல ஒரு கீறல் இல்லடான்னு. என் பேச்சைக் கேட்டு பசங்க தைரியமா போறாங்க.”

“நீ கீழ இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள். “தெரியும். ஆனா அது வேற, இது வேறன்னு இருந்துட்டேன். நீ வேலைக்குப் போற. நான் வீட்டைப் பார்த்துக்கறேன். இத்தனை வருஷமா அப்படித்தானே?”

“இப்ப எங்க இருக்கோம் தெரியுமா நாங்க?” செருப்புக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். “மருந்துக்கடை முனை தாண்டியாச்சு. எங்க சுரங்கத்துச் சாமி சாந்தா பார்பரா திருநாளுக்குள்ள இதுக்கு நேர் கீழ வந்துடுவோம்.”

“அப்ப போகாதே. இன்னைக்கே போகாதே.”

“நான் போகலன்னா எடம் காலியாவா இருக்கும்? வேற ஒருத்தன் நிப்பான். அவனுக்கும் வீட்டுல யாராவது பாஸ்தா வேகவச்சுட்டு இருப்பாங்க.”

“அப்ப நீ போய் சொல்லு, கண்ணாடியெல்லாம் பொய்யின்னு.”

“சொல்றேன், மேஸ்திரிகிட்ட இன்னைக்கே சொல்றேன். என்ன சொல்லுவான்? திருநாள் லீவை முன்கூட்டியே கேக்கறான்னு சிரிப்பான். கட்டடம் முழுக்க கண்ணாடி பளபளன்னு இருக்கு, என் வாயை யாரு நம்புவா? தித்தீனா, அவங்களைச் சொல்லவை. எல்லாரையும்.”

தட்டில் பாதி அப்படியே இருந்தது. தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார். கதவு மூட மறுத்தது. திறந்தபடியே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

தித்தீனா அன்று மாலையே ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எனக்குப் பள்ளி இல்லாத நாள். அவள் பின்னால் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

எர்மெலிந்தா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

“எங்க கண்ணாடி உடைஞ்சதே இல்ல.”

“இஜீனோ சொன்னாரு கும்மா.” அவர்கள் இருவரும் ப்ரிஜிதாவின் ஞானஸ்நானத்தில் உறவானவர்கள், ஒருத்தியை ஒருத்தி கும்மா என்றுதான் அழைப்பார்கள்.

“இஜீனோ குடிகாரன்.”

“அனியெல்லோ கீழ இருக்கான்.”

“என் புருஷன் மேல இருக்கான்,” என்றாள் எர்மெலிந்தா. அவள் கணவர் பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். “வந்து பாரேன். இந்தாளை எங்க தூக்கிட்டுப் போக? தகரக் கொட்டகைக்கா? ஒரு குளிர்காலம் தாங்குவானா சொல்லு. உனக்குன்னா ஆம்பளை நடந்து போவான். எனக்கு?”

“கட்டடம் விழுந்தா?”

“நூறு வருஷமா நிக்குது. நாளைக்கும் நிக்கும். போ கும்மா, சூப் தீயுது.”

தொன் சோஸ்ஸியோ உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காரமிட்ட ரொட்டி வளையம் ஒரு தட்டில் வைத்தார். சுற்றிச் சுற்றி டிராம் கதை சொன்னார். கடைசியில், “என் வயசுல வெளிய போறவன் திரும்பி வர்றதில்ல தோன்னா தித்தீனா. நீங்க கேட்டது என் காதுல விழல. எனக்கு வலது காது கேக்காது,” என்றார். இத்தனைக்கும் அவள் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை தெ ஃபெயோ வந்தபோது, தன் அடுப்புக்கு மேல் உடைந்த கண்ணாடியை அப்படியே விட்டிருந்தாள் தித்தீனா. பூசியிருந்த ஜிப்சத்தையும் கரண்டியால் சுரண்டி விரிசலைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு சுண்டுவிரல் உள்ளே போகும்.

தெ ஃபெயோ அருகில் போய்ப் பார்த்தார். மேலே போனார். கீழே போனார். திரும்பி வரும்போது முகத்தில் அலுப்புதான் இருந்தது.

“மத்த எல்லாம் முழுசா இருக்கு தோன்னா. ஒரு வீட்டுல மட்டும் சுவர் அசையுமா? பூச்சு கழண்டிருக்கு. உங்க அடுப்புச் சூடு.”

“மாத்தியிருக்காங்க இஞ்சினியரே. எல்லாரும் மாத்திக்கிட்டே இருக்கோம். நானும்தான்.”

“கேட்டேனே. யாருமே இல்லைன்னு சொல்றாங்க.”

“பொய் சொல்றாங்க!”

“தோன்னா,” அவர் குரலைத் தாழ்த்தினார், “பணம் கிடைக்கும்னு சில பேரு இப்படி… நான் உங்களைச் சொல்லல. ஆனா மேல இருக்கிறவங்க அப்படித்தான் கேப்பாங்க. வேலை ஏற்கெனவே தாமதம்.”

தித்தீனா மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தாள். தோல் மடிப்பைத் தட்டும் தட்டையான சின்னச் சுத்தியல். படியேறினாள். முதல் கண்ணாடி தெறித்தபோதுதான் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மாடிப்படியில் இருந்தது ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே மேலே போனாள். கதவுகள் திறந்தன.

“பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு!”

“ப்ரிஜிதா, உங்கம்மாவைப் பிடி!”

தெ ஃபெயோ ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். உடைந்ததைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் கோடுகள் சிதறியிருந்தன.

“சுவர் உடைச்சா ஒரே கோடா உடையும். இது சுத்தியல். குழந்தைகூடச் சொல்லிடும். நான் போலீசைக் கூப்பிடணும் தெரியுமா?”

“கூப்பிடுங்க. வரட்டும். எல்லாரும் வரட்டும்.”

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். எர்மெலிந்தா மட்டும் சிரிக்கவில்லை. “சுவர்ல ஒட்டினது பத்தாதுன்னு, நடமாடுற ஒற்றன் வேற,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தெ ஃபெயோ போலீசைக் கூப்பிடவில்லை. நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். பையிலிருந்து புதுத் துண்டுகளை எடுத்து மேலிருந்து கீழ்வரை திரும்ப ஒட்டினார். கடைசியாகத் தித்தீனாவின் அடுப்புக்கு மேலும் ஒன்று. சீக்கிரம் இறுகும் ஜிப்சம். ஆனாலும் காயும்வரை காத்திருக்க வேண்டும். தித்தீனா காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தாள். சண்டையாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி இல்லை என்று அவளால் இருக்க முடியாது. அவர் உட்கார்ந்தார். ப்ரிஜிதா சர்க்கரையைத் தள்ளி வைத்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு எப்ப முறை?”

“இப்ப. கீழதான் இருக்கார்.”

அவர் கோப்பையைக் கலக்கினார். தரைக்கடியில் முனகல் வந்தது. கோப்பையில் காப்பி வட்டம் வட்டமாக நடுங்கியது. நின்றது. அவர் ஒரு வாய் குடித்தார்.

டிக்.

யாரும் திரும்பவில்லை. திரும்பாமலேயே எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு தெ ஃபெயோ மட்டும் மெல்லத் தலையை உயர்த்தினார். அடுப்புக்கு மேல், அவர் கையாலேயே ஒட்டிய கண்ணாடியில், ஒரே கோடு.

படியில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று, மெதுவாக, தூரத்தில்.

மேல்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். எர்மெலிந்தா செருப்பைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். அளவைக்காரர் எப்போதோ போயிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கையில் குழைத்த ஜிப்சம் கிண்ணம், மறு கையில் விரல் அகலக் கண்ணாடி. திறந்திருந்த கதவு வழியாகத் தெ ஃபெயோவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

தெ ஃபெயோ கோப்பையைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்.

நாங்கள் சுரங்கக் குழியின் வேலிக்குப் போகும்போது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. தித்தீனா வாயிற்காவலனைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

“பொம்பளைங்க உள்ள வரக்கூடாதும்மா. அபசகுனம். இன்னைக்குன்னு பார்த்து வேணாம்மா.”

“இதுக்கு மேல என்னடா அபசகுனம்?”

ஆனாலும் அவள் நின்றாள். கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கூண்டு மேலே வந்தது. முழங்கால்வரை சேறான ஆட்கள் இறங்கினார்கள். அனியெல்லோ இல்லை. ப்ரிஜிதா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர்கள் கீழே கையைக் காட்டினார்கள். கூண்டு மறுபடி இறங்கியது. அது திரும்ப மேலே வரும்வரை தித்தீனா மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. வந்தது. கடைசியாக இறங்கியவர் அனியெல்லோ. தலைக்கவசம் இல்லை. தலையெல்லாம் மணல்.

“அழ ஆரம்பிச்சிருச்சு,” என்றார், யாரிடமோ சொல்வது போல. “நாங்க வெட்டுற முன்சுவரு. முதல்ல தண்ணி. அப்புறம் தண்ணியோட மணல். அந்த இஞ்சினியரு வந்து கத்தலன்னா இன்னும் ரெண்டு வளையம் வெட்டி முன்னால போயிருப்போம்.”

தித்தீனா வலைக்குள் விரலை விட்டு அவர் சட்டையைப் பிடித்தாள். விடவே இல்லை.

சாயங்காலத்துக்குள் தீயணைப்பு ஆட்கள் கட்டடத்தைக் காலி செய்துவிட்டார்கள். எர்மெலிந்தாவின் கணவரை நாற்காலியோடு கட்டி நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வாய் கோணிக் கத்தினார். தொன் சோஸ்ஸியோ இறந்த மனைவியின் கோட்டையும் ஒரு ரேடியோவையும் மட்டும் எடுத்துவந்தார். எங்கள் தையல் இயந்திரத்தை இறக்கவிடவில்லை. கதவின் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார்கள்.

சந்தில் மெத்தைகள், பானைகள், கூண்டில் ஒரு பறவை. மழை விட்டிருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வெயில் வந்து கட்டடத்தின் முகத்தில் மஞ்சளாக விழுந்தது. ஒரு ஓடு நகரவில்லை. ஜன்னல்களில் காயாத துணி தொங்கியது. எல்லாரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

“நிக்குது பாருங்க,” என்றார் சோஸ்ஸியோ. “நல்லாத்தானே நிக்குது?”

“நிக்காம?” என்றாள் எர்மெலிந்தா. கணவரின் முழங்காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “நூறு வருஷம் நின்னது. ஒருத்தி வாய்க்காக நாம தெருவுக்கு வந்தோம். அவ புருஷனைக் காப்பாத்திக்கிட்டா. என் புருஷன் ராத்திரி எங்க படுப்பான்னு அவளைக் கேளுங்க.”

ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எங்களைச் சுற்றி நின்றவர்கள் மெல்ல மெல்லத் தள்ளி நின்றார்கள். மெத்தையைக்கூட இழுத்து நகர்த்தினார்கள். சந்து முனையில் வேறு தெருக்காரர்கள் இருவர் சிகரெட் பிடித்தபடி எங்கள் மாடி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவில் அடித்த பலகையையும், காலி வீட்டை அளப்பது போலப் பார்த்தார்கள்.

அனியெல்லோ பானையிலிருந்த ஆறிப்போன பாஸ்தாவை ஒரு தட்டில் போட்டு மனைவியிடம் நீட்டினார். “சாப்பிடு. உயிரோட இருக்கேன்ல? சாப்பிடு.”

அவள் வாங்கவில்லை. என் பக்கம் சாய்ந்தாள். இத்தனை வருடங்களாக ஒரு வீட்டுக்காக ஒட்டியும் பூசியும் கிடந்தவளின் குரல் அது என்று நம்ப எனக்கு நேரமாயிற்று.

“விழணும் பொண்ணே,” என்றாள். “இன்னைக்கே விழணும். இவங்க எல்லாரும் இங்க நிக்கும்போதே விழணும்.”

அனியெல்லோ அவள் தோளில் கையை வைத்தார். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, கண்ணிமைக்காமல் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஒவ்வொரு மாடியாக மேலேறிப் போயிற்று. வீடு நின்றுகொண்டிருந்தது.